ஈஸ்வர் ரெடிமேட்ஸ் – ஃபார் சேல்

ஜூலை 14, வெள்ளி

இந்த டைரி தை மாதம் திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர் கொடுத்தது. ஆறு மாதமாகக் கல்லாவுக்கு அடியில் கிடந்தது. மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை கடைக்கு யாரும் வருவதில்லை. அந்த நேரத்தில் என் வலது கால் தானாக ஆடிக்கொண்டே இருக்கிறது என்று கண்ணாத்தாக்கா சொல்கிறார். கைக்கு ஒரு வேலை கொடுத்தால் கால் நிற்கிறதா பார்க்கலாம் என்று எடுத்தேன்.

கண்ணாத்தாக்கா பதினாறு வருடமாக இங்கே வேலை செய்கிறார். என் கணவர் கடை ஆரம்பித்த மூன்றாம் வருடம் வந்தவர். கணவர் போன வருடம் வைகாசியில் இறந்துபோனார். அதற்குப் பிறகு கடையை நான் பார்த்துக்கொள்கிறேன். பார்த்துக்கொள்வது என்றால் காலை ஒன்பதரைக்குத் திறந்து எட்டரைக்கு மூடுவது. நடுவில் சட்டைகளைப் பிரித்துக் காட்டி மறுபடி மடிப்பது. பத்தொன்பது வருடக் கடை, தாராபுரத்தில் நல்ல பெயர். எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை ஆடி பிறக்கிறது. தள்ளுபடி பலகைக்குச் சொல்ல ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனேன். தமிழில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று. நூல் மில்லில் வேலை செய்யும் வடநாட்டுப் பிள்ளைகள் நம்மிடம்தான் துணி எடுக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

“இங்கிலீசுல என்ன போடறதுங்க்கா?” என்றார் கடைக்காரர்.

“மேல கடை பேரு. நடுவுல பெருசா ஃபார் சேல். கீழ என்ற போன் நம்பரு.”

“அவ்வளவேதானுங்களா?”

“அவ்வளவேதான்.”

அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். எதற்குப் பார்த்தார் என்று தெரியவில்லை.

ஜூலை 17, திங்கள்

ஆடி ஒன்று, எங்கள் பக்கம் தேங்காய் சுடுகிற நோன்பு. தேங்காய் சுட்டோம் என்று கண்ணாத்தாக்கா ஒரு துண்டு கொண்டுவந்தார். வீட்டில் நான் ஒருத்திதான், அதனால் சுடவில்லை.

இங்கிலீஷ் பலகை மட்டும் வந்தது. தமிழ் அடிப்பதற்குள் மெஷின் நின்றுவிட்டதாம். வந்ததை மாட்டிவிட்டார்கள். மஞ்சளில் சிவப்பு எழுத்து, பேருந்து நிலைய வளைவிலிருந்தே தெரிகிறது. காற்று பொறுக்க முடியவில்லை. வாசலில் தொங்கவிட்ட சுடிதார்கள் எல்லாம் ஆள் இல்லாமலே நடக்கின்றன. ஷட்டர் நாள் முழுக்கக் கடகடவென்று அடித்துக்கொள்கிறது. மதியம் நான்கு முறை எழுந்து வாசலுக்குப் போய்விட்டு வந்தேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஜூலை 18, செவ்வாய்

காலையிலிருந்து ஆறு போன். முதல் ஆள் ஒரு ஆண்குரல்.

“கடை எத்தனை சதுரடிங்க?”

ஊர்க்காரர்கள் எதைத்தான் கேட்கமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, “பத்துக்கு இருவத்தாறு இருக்குமுங்க. எல்லா சைசும் வெச்சிருக்கறம்” என்றேன்.

“சைசு இருக்கட்டுமுங்க. அட்வான்சு எப்புடி?”

“துணி எடுக்கறதுக்கு எதுக்குங்க அட்வான்சு?”

போனை வைத்துவிட்டார். அடுத்தவர் கட்டடம் சொந்தமா வாடகையா என்றார். வாடகைதான் என்றேன். அதற்கடுத்தவர், “ஏனுங்க, ஏதாவது கஷ்டமுங்களா?” என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார். இல்லையே, நன்றாக இருக்கிறேனே என்றேன். அப்படிச் சொன்னபோது குரல் ஏன் உயர்ந்தது என்று தெரியவில்லை.

ஜூலை 19, புதன்

மகள் நிறைமதி கோயம்புத்தூரில் காலேஜ் விடுதியில் இருக்கிறாள், இரண்டாம் வருடம். மதியம் கூப்பிட்டபோது இந்தப் போன் கூத்தையெல்லாம் சொன்னேன். பலகையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். அனுப்பிய அரை நிமிடத்தில் மறுபடி கூப்பிட்டு, மூச்சு முட்டச் சிரித்தாள்.

“அம்மா, கடையையே விக்கறேன்னு போர்டு வெச்சிருக்கற!”

“தள்ளுபடின்னுதானே போட்டிருக்கறேன்?”

“தள்ளுபடிக்கு ஆன் சேல்னு போடோணும். வெலையைக் கொறைச்சுத் தர்றோம்னு அர்த்தம். ஃபார் சேல்னா அந்தப் பொருளே விற்பனைக்குன்னு அர்த்தம். நீ கடை பேருக்குக் கீழ போட்டிருக்கற. அப்பறம் சதுரடி கேக்காம என்ன கேப்பாங்க?”

எனக்கும் சிரிப்பு வந்தது. இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, “இன்னிக்கே கழட்டிரும்மா. பெரியப்பா பார்த்தா அவ்வளவுதான். அப்பா கடை” என்றாள். சரி என்றேன்.

யோசித்துப் பார்த்தால் வேடிக்கைதான். இரண்டிலும் சேல் ஒன்றுதான். முன்னால் வருகிற குட்டிச் சொல் மாறினால் ஒன்று விலை இறங்குவது, இன்னொன்று கை மாறுவது. தமிழில் இந்தக் குழப்பமே வராது. தள்ளுபடி வேறு, விற்பனைக்கு வேறு. ‘கடை விற்பனைக்கு’ என்று தமிழில் எழுதச் சொல்லியிருந்தால் என் வாய் அந்த இடத்திலேயே நின்றிருக்கும்.

ஜூலை 20, வியாழன்

ஏணி கிடைக்கவில்லை. பக்கத்து ஹார்டுவேர் கடையில் கேட்க வேண்டும்.

ஜூலை 21, வெள்ளி

ஏணி இருக்கிறதாம். இந்தக் காற்றில் ஏறினால் ஆளையே தூக்கிவிடும். தமிழ்ப் பலகையும் வந்துவிட்டது. சுருட்டி உள் அறையில் வைத்திருக்கிறேன். இரண்டையும் ஒரே தடவையில் மாற்றிக்கொள்ளலாம்.

கூட்டம் அதிகம். கடையை மூடப்போகிறார்கள், எல்லாம் சல்லிசாகக் கிடைக்கும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள்.

ஜூலை 22, சனி

கண்ணாத்தாக்காவுக்கு இரண்டு நாளாகக் கிறுகிறுப்பு. சர்க்கரையாக இருக்கும், பார்த்துவிடலாம் என்று நான்தான் வற்புறுத்தி அழைத்துப்போனேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் வாசுகி போன வருடம் திறந்த ரத்தப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. வாசுகியும் நானும் கல்யாணத்துக்கு முன்னால் ஈரோட்டில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் இரண்டு வருடம் ஒன்றாக வேலை செய்தவர்கள். நான் படித்தது அதற்குத்தான். கல்யாணத்தோடு நின்றது.

எங்கள் தெருவிலேயே இன்னொரு லேப் இருக்கிறது. ஆனால் அங்கே கூட்டம் இருக்கும்.

கண்ணாத்தாக்காவுக்குச் சர்க்கரை சரியாகத்தான் இருக்கிறது, ரத்தம்தான் கொஞ்சம் கம்மி. வாசுகி, “மைனா, இந்த ஸ்லைடை ஒரு நிமிசம் பாரேன்” என்றாள். என் பெயர் மைனாவதி. மைனா என்று கூப்பிட இப்போது அவளும் கணவரின் அண்ணனும்தான் மிச்சம். மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்தேன், வேறு யாருடைய ரத்தமோ. இளஞ்சிவப்பு வட்டங்களுக்கு நடுவில் ஆரஞ்சுப் புள்ளி நிறைந்த வெள்ளணு ஒன்று. “ஈசினோஃபில். நெறையா இருக்குது. அலர்ஜியா இருக்கும்” என்றேன்.

“மறக்கவே இல்லியேடி நீ!”

காலையில் ரத்தம் எடுக்க அவளுக்கு ஆள் இல்லையாம். பழகின ஆளாக இருந்தால் தேவலை என்றாள். யாராவது இருந்தால் சொல்கிறேன் என்றேன்.

சும்மா இரண்டு நிமிடம்தான் பார்த்தேன். கடைக்குத் திரும்பும்போது மணி ஒன்றேகால். பத்தரைக்குப் போனோம். கண்ணாத்தாக்கா பாவம், பெஞ்சிலேயே உட்கார்ந்து தூங்கிவிட்டார்.

ஜூலை 24, திங்கள்

மதியம் ஒரு பெண் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வெகுநேரம் எதிர்ப்பக்கம் நின்றாள். வெயில் கடைக்குள் எதுவரை வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது பிறகு தெரிந்தது. ஸ்கூட்டரில் முன்னும் பின்னும் துணி மூட்டை. பெயர் பர்வீன். முப்பத்திமூன்று, முப்பத்திநான்கு வயது இருக்கும். நைட்டியும் குழந்தைகள் உடுப்பும் வீடு வீடாகக் கொண்டுபோய் விற்கிறாளாம். எட்டு வருடமாக.

“மூணு நாளாப் போர்டைப் பார்த்துட்டே போறேனுங்க்கா. கேக்கறதுக்குப் பயம். நம்மளுக்கெல்லாம் குடுப்பாங்களான்னு.”

போர்டு தப்பு, தள்ளுபடி என்று போட வேண்டியது என்று சொல்ல வாயைத் திறந்தேன். “உக்காருங்க” என்றேன்.

அவள் உட்காரவில்லை. ரேக் ரேக்காக நடந்தாள். ஒவ்வொரு துணியையும் விரலால் நிமிண்டிப் பார்த்தாள். எந்த சைஸ் தேங்குகிறது என்று கேட்டாள். கண்ணாடி முன்னால் பெண்கள் நின்று பார்க்க இடமில்லை, இந்த ரேக்கைத் திருப்பிப் போட்டால் ஆகும் என்றாள். பத்தொன்பது வருடமாக இந்தக் கடைக்கு வந்துபோயும் எனக்கு அது தோன்றியதில்லை. ஒரு சின்னக் கவுனை எடுத்து உதறி, மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, “ஒரு எடத்துல நின்னு யாவாரம் பண்ணுனா எப்புடி இருக்குமுங்க்கா?” என்று கேட்டாள். அவளுக்கு அது ஆசை. நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டு வந்தேன்.

கல்லாவுக்குப் பின்னால் இருக்கிற மர நாற்காலியில் துணியை அடுக்கிவைத்துவிட்டு நான் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பதையும் அவள் கவனித்தாள். “நாற்காலி ஒடஞ்சிருச்சுங்களா?” என்றாள். இல்லை, நன்றாக இருக்கிறது என்றேன்.

உள் அறையைத் திறந்து காட்டினேன். கரண்ட் மீட்டரைக் காட்டினேன். கட்டடத்துக்காரர் நல்லவர் என்று சொன்னேன். இதையெல்லாம் ஏன் சொன்னேன்? வந்தவரைச் சும்மா அனுப்பக்கூடாது, அவ்வளவுதான்.

ஜூலை 26, புதன்

கண்ணாத்தாக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது. பலகையில் இருப்பது தள்ளுபடி என்றுதான் நினைத்திருந்தார். இன்று காலை சந்தையில் யாரோ, “கடையை வித்துட்டா நீ எங்கீக்கா போவே?” என்று கேட்டிருக்கிறார்கள். கூடையோடு நேராகக் கடைக்கு வந்துவிட்டார்.

“நெசமுங்களா அம்மிணி?”

“போர்டுல தப்பா எழுதிட்டாங்க்கா. இங்கிலீசுல ஒரு எழுத்து மாறிப்போச்சு.”

“எப்பத் தெரியும் உங்களுக்கு?”

பில் புத்தகத்தைத் தேடினேன். அது என் கையிலேயே இருந்தது.

“அந்தப் புள்ளைக்கு உள் ரூமைத் தொறந்து காட்டுனீங்களே. துணி எடுக்க வந்தவிங்களுக்கு மீட்டர் பெட்டி எதுக்குங்க? எனக்கு எழுத்துதான் தெரியாது அம்மிணி. கண்ணு தெரியும்.”

கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜூலை 27, வியாழன்

கண்ணாத்தாக்கா வரவில்லை.

ஜூலை 28, வெள்ளி

இன்றும் வரவில்லை. ஆடி வெள்ளிக் கூட்டத்தில் தனியாகச் சமாளித்தேன். ஒருவருக்கு இரண்டு எல் சைஸுக்குப் பதில் இரண்டு எம் கொடுத்துவிட்டேன், திரும்ப வந்து திட்டினார். சாப்பிடவில்லை. பர்வீன் போன் செய்தாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஏணி ஹார்டுவேர் கடை வாசலில்தான் சாய்ந்து நிற்கிறது. இங்கிருந்து பார்த்தாலே தெரிகிறது.

ஜூலை 29, சனி

நிறைமதி சொல்லாமல் வந்துவிட்டாள். பேருந்தைவிட்டு இறங்கும்போதே பலகையைப் பார்த்திருக்கிறாள். பையைக் கவுண்டரில் வைத்தாள்.

“நான் சொல்லிப் பத்து நாளாச்சும்மா.”

“காத்து.”

“பொய்.”

மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தோம். அவள் அழுதாள். சின்ன வயதில் அந்தக் கவுண்டருக்கு அடியில் படுத்துத்தான் தூங்குவாளாம், அப்பா மேலே சட்டை மடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே. “இதையும் வித்துட்டா அப்பாவோடதுன்னு மிச்சம் என்னம்மா இருக்குது?” என்றாள். நாற்காலியில் இருந்த துணிகளை அவள் வேகமாக எடுத்துக் கீழே வைத்தாள். “உக்காரு இதுல. முதலாளின்னா இதுலதான் உக்காரோணும். ஏன் உக்கார மாட்டேங்கற?”

இதுவரை யாரிடமும் சொல்லாததை அப்போது அவளிடம் சொன்னேன். டைரியிலும் எழுதவில்லை. இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

அவர் இறந்த அன்று காலை வாசுகி போன் செய்து, லேப் திறக்கப் போகிறேன், நீ வருகிறாயா என்று கேட்டாள். நான் இந்தக் கடைக்கு வந்து, அவரிடம், போகட்டுமா என்றேன். அதற்கு முன்னால் நாலைந்து தடவை கேட்டிருக்கிறேன், ஆடி போகட்டும், தீபாவளி போகட்டும் என்பார். அன்று அவருக்கு எரிச்சல். “கடையில ஒத்தாசைக்கு ஆளில்லாம நான் சாவறேன், நீ ஊருக்கு ஊசி குத்தப் போறியா?” என்றார். நானும் விடவில்லை. வாடிக்கையாளர்கள் பார்க்கப் பேசினேன். கோபத்தோடு வீட்டுக்குப் போய்விட்டேன். மதியம் சோறு கொண்டுவரவில்லை. வேண்டுமென்றேதான் கொண்டுவரவில்லை. மூன்று மணிக்கு இந்த நாற்காலியில் சரிந்துவிட்டார். நான் வந்து சேர்ந்தபோது ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

பதினான்கு மாதமாக இந்தக் கடையில் உட்கார்ந்திருப்பது அதற்காகத்தான்.

நிறைமதி கீழே வைத்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “ஒரு வேளை சோறு லேட்டானதுல ஹார்ட் அட்டாக் வராதும்மா. லேப் படிச்சவ நீ. உனக்குத் தெரியாதா?” என்றாள்.

தெரியும். தெரிந்து என்ன செய்ய?

ஜூலை 30, ஞாயிறு

கணவரின் அண்ணன் நாச்சிமுத்து மாமா காலையில் வீட்டுக்கு வந்தார். மூலனூர் பக்கம் தோட்டம். கடை திறந்தபோது தம்பிக்காக இரண்டு மாடு விற்றவர். கருமாதி அன்று எல்லோர் முன்னாலும், “கடை நிக்கக் கூடாது, என்ற தம்பி பேரு அந்தப் போர்டுல இருக்கோணும்” என்று சொன்னவரும் அவர்தான். நல்ல மனிதர். அதுதான் கஷ்டம்.

வந்தவர் கோபப்படவில்லை. திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

“ஊருல நாலு பேரு நாலு விதமாப் பேசறாங்க மைனா. நான் ஒண்ணையும் நம்புல. இங்கிலீசு சரியாத் தெரியாம எழுதிப்போட்டாள், அவ்வளவுதான்னு நான் சொல்லிக்கறேன். ஊரு ஒரு நாளு சிரிக்கும், மறந்துரும். போர்டை இன்னிக்குக் கழட்டிப்போடு. என்ன?”

நான் தப்பித்துப்போகக் கதவைத் திறந்து வைத்துவிட்டார். ஆமாங்க மாமா என்று ஒரு சொல் சொன்னால் போதும். நிறைமதி சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கால் ஆடுவது எனக்கே தெரிந்தது.

“மொத மூணு நாளு அது தப்புதானுங்க மாமா. எனக்கு அந்த ரெண்டு வார்த்தைக்கும் வித்தியாசம் தெரியாது. நாலாம் நாள்ல இருந்து தப்பில்லீங்க. தெரிஞ்சேதான் விட்டுவெச்சிருக்கறேன்.”

அவர் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“விக்கப் போறியா?”

“ஆமாங்க.”

“வித்துட்டு?”

“ரத்தம் டெஸ்ட் பண்ற எடத்துல வேலைக்குப் போறனுங்க.”

“மொதலாளியா இருந்துட்டுச் சம்பளத்துக்கா?” என்றவர், கொஞ்சம் நிறுத்தி, “ஈஸ்வரன் இருந்தா ஒத்துக்குவானா?” என்றார்.

ஒத்துக்கொள்வார் என்று சொல்லலாம். இறந்தவர்கள் வந்து மறுக்கப் போவதில்லை. நிறைய பேர் அப்படித்தான் சொல்கிறார்கள்.

“ஒத்துக்க மாட்டாருங்க மாமா. அவருக்குப் புடிக்காது. எனக்குத் தெரியும்.”

அவர் எழுந்துகொண்டார். சாப்பிட்டுப் போகச் சொன்னோம். கேட்டைத் தாண்டும்போது செருப்பு ஒன்று கழன்றது, அதைப் போட்டுக்கொள்ளக்கூட நின்று நிதானிக்கவில்லை. இத்தனை வருடத்தில் அவர் எங்கள் வீட்டில் உண்ணாமல் போனது இதுதான் முதல் தடவை.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

கண்ணாத்தாக்கா வீட்டுக்குப் போனேன். கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். வாங்க என்று சொல்லவில்லை. நானும் ஒரு சட்டியை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தேன்.

“மொதல்ல உங்ககிட்டத்தான் சொல்லியிருக்கோணுமுங்க்கா. எனக்கே சொல்லிக்கத் தைரியம் வருல.”

“நாய்க்கு ஒரு வாசல் போனா இன்னொரு வாசலு அம்மிணி. எனக்கு வேலை போவுதுன்னு வருத்தமில்ல. பதினாறு வருசம் பக்கத்துல நின்னவகிட்ட எழுத்து மாறிப்போச்சுன்னு சொன்னீங்களே, அதுதான்.”

மன்னிப்புக் கேட்டேன். அவர் அடுத்த சட்டியை எடுத்தார். அப்புறம் எப்படியோ கணவர் இறந்த நாளைப் பற்றிப் பேச்சு வந்தது. சோறு கொண்டுவராததைச் சொன்னேன். அவர் சட்டியைக் கீழே வைத்தார்.

“அவரு பட்டினியா இருந்தாருன்னா நெனச்சுட்டு இருக்கறீங்க? என்ற தூக்குப்போசியில அரிசிம்பருப்புச் சோறு. பாதிக்கு மேல அவருதான் உண்டாரு. நெய்யி கொஞ்சம் இருந்தாத் தேவலைன்னாரு. உண்டுபோட்டு, ‘மைனாகிட்ட நெம்பப் பேசிப்போட்டேன் கண்ணாத்தா’ன்னு சொன்னாரு.”

“அப்பறம்?”

“அப்பறம் ஒண்ணுமில்லீங்க. ஒரு ஆளு வேட்டி கேட்டு வந்தாரு. எடுத்துப் போட்டாரு.”

“ஏனுங்க்கா இத்தனை நாளாச் சொல்லுல?”

“நீங்க அந்த நாளைப் பத்திக் கேக்கவே இல்லியே.”

சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தேன். அவர் மன்னித்தாரா, தெரியவில்லை. நாளைக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப் பதினெட்டு. அமராவதியில் ஓரளவு தண்ணீர். ஊரே ஆற்றங்கரையில். கடையில் மூச்சுவிட நேரமில்லை. பர்வீனை வரச் சொல்லியிருந்தேன், கூட்டம் எப்படி இருக்கும் என்று பார்க்க. பார்க்க வந்தவள் துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு விற்க ஆரம்பித்துவிட்டாள். ஒரு குழந்தையின் தோளைப் பார்த்தே சைஸ் சொல்கிறாள். கண்ணாத்தாக்கா ஓரமாக நின்று அவளை எடைபோட்டுக்கொண்டே இருந்தார். சாயங்காலம் அவளிடம் போய், இங்கேயே தொடர்ந்து வேலை செய்வதற்குத் தன் பங்குக்குப் பேசிவிட்டார். வெள்ளிக்கிழமை மதியம் கோயிலுக்குப் போவார், அப்போது கூப்பிடக்கூடாது. துணி விரித்துப்போட்டுவிட்டு எடுக்காமல் போகிறவர்களைத் திட்ட அவருக்கு உரிமை உண்டு. பர்வீன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

இருக்கட்டும். ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தபோது எனக்குக் கொஞ்சம் வலித்தது.

ஆகஸ்ட் 9, புதன்

பர்வீனோடு உட்கார்ந்து பேசி முடித்தோம். சரக்கு, ரேக், கண்ணாடி, எல்லாம். கட்டடத்துக்காரரும் சம்மதித்துவிட்டார். கடைசியில் அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“பேரு மட்டும் மாத்துவேனுங்க்கா. உங்க மனசு நோகும்னு தெரியும். இப்பச் சொல்லாம பின்னாடி மாத்துனாத்தான் தப்பு.”

“என்ன பேரு வெப்பீங்க?”

“ஆயிஷா. என்ற பொண்ணு பேரு.”

சரி என்று சொல்ல எனக்கு நேரம் பிடித்தது. அவள் காத்திருந்தாள். அவசரப்படுத்தவில்லை.

நிறைமதியிடம் சொன்னேன். ரேக், கண்ணாடி எல்லாமே போகிறதா என்று கேட்டாள். பிறகு, “அந்த மர நாற்காலியை மட்டும் குடுத்தறாதம்மா. நான் வெச்சுக்கறேன்” என்றாள். இன்னும் அவள் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் வாசுகி லேபில் புதிய மெஷின்கள் என்னென்ன, எனக்கு ஓட்டத் தெரியுமா என்று விசாரித்தாள். தெரியாது, கற்றுக்கொள்ள வேண்டும் என்றேன்.

ஆகஸ்ட் 21, திங்கள்

ஆவணி பிறந்து நாலாம் நாள். கடையில் வைத்தே பத்திரம் எழுதி முடித்தோம். சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் பார்த்துக்கொண்டிருந்தபோது நாச்சிமுத்து மாமா பைக்கில் வந்து இறங்கினார். யாரும் கூப்பிடவில்லை. என்னைப் பார்க்கவில்லை, பேசவில்லை. பர்வீனிடம், “எங்கம்மா போடோணும்?” என்று கேட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நிறுத்தி நிதானமாகத் தன் பெயரை எழுதினார். போகும்போது கடை வாசலில் அண்ணாந்து நின்றார். தம்பி பெயரைப் பார்த்தார். நான் உள்ளேயே நின்றுவிட்டேன்.

செப்டம்பர் 4, திங்கள்

லேபில் முதல் நாள். ஆறரைக்கே போய்விட்டேன். கையுறை மாட்டும்போது விரல்கள் இரண்டு ஒரே அறைக்குள் போய்விட்டன. வாசுகி பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி இருந்தாள்.

முதலில் வந்தவர் ஒரு பெரியவர். கோவிந்தாபுரம். வெறும் வயிறு, அதனால் கோபம். கையில் நரம்பு கயிறு மாதிரி தெரிகிறது, ஆனால் தொட்டால் நழுவுகிறது. முதல் குத்து தப்பிவிட்டது. “அட என்னம்மிணி!” என்று கையை உதறினார். பின்னால் வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வேர்த்துவிட்டது. பழைய பாடம் ஞாபகம் வந்தது. கையைக் கொஞ்சம் தொங்கவிடச் சொன்னேன், பஞ்சால் தேய்த்தேன், கண்ணால் தேடாமல் விரலால் தேடினேன். இரண்டாவது தடவை ரத்தம் குழாயில் கருஞ்சிவப்பாக ஏறியது.

பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு அவர் என் நரைத்த தலையையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“புதுசா சேந்திருக்கறயா?”

“ஆமாங்கய்யா. புதுசுதான்.”

“ம். போகப் போகப் பழகீரும்” என்று சொல்லிவிட்டு எழுந்தார். அடுத்த ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன்.